சளியில் ஒரு காவலன்

சளி என்றவுடன் முகம் சுளிப்பது மக்கள் இயல்பு. அச்சளியினுள் உடலைக் காக்கும் புரதமொன்று உறைவதைக் கண்டறிந்தவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங்.

அவர் ஸ்காட்லாந்தின் உழவர் குடும்பமொன்றில் 1881ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் பிறந்தார். ஏழு வயதில் தந்தையை இழந்தார். இளமையிலேயே இலண்டன் சென்று, கப்பல் நிறுவனமொன்றில் எழுத்தராகப் பணியாற்றினார். உறவினர் விட்டுச்சென்ற செல்வம் துணைநிற்கப் பின்னர் மருத்துவம் பயின்றார்.

முதல் உலகப்போரில் பிரான்சு நாட்டில் படை மருத்துவராகத் தொண்டாற்றினார். ஆழ்ந்த புண்களில் இடப்பட்ட கிருமிநாசினிகள், கிருமிகளைவிட உடலைக் காக்கும் வெள்ளணுக்களையே மிகுதியாக அழித்ததைக் கண்டார். உடலுக்கு ஊறு செய்யாது கிருமியை மட்டும் அழிக்கும் பொருள் உண்டா என்னும் வினா அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

1921ஆம் ஆண்டின் இறுதியில், தடுமனால் வருந்திய அவர் தம் மூக்குச்சளியைக் கிருமி வளர்ப்புத் தட்டில் இட்டார். சளியை அடுத்திருந்த பாக்டீரியாக்கள் கரைந்து மறைந்தன. அவற்றைக் கரைத்த நொதியே லைசோசைம். அது பாக்டீரியாவின் செல்சுவரிலுள்ள சர்க்கரைச் சங்கிலியை வெட்டுகிறது. காப்பிழந்த செல்லினுள் நீர் புக, அது வெடித்து அழிகிறது. கண்ணீரிலும் அது உண்டா என அறிய, எலுமிச்சைச் சாற்றைக் கண்ணில் பிழிந்து நீர் சேர்த்தார். உமிழ்நீரிலும் தாய்ப்பாலிலும் அது இருந்தது. செட்டிநாட்டு வீடுகளின் சுவர்ப்பூச்சுக்கு மெருகூட்டிய முட்டை வெண்கருவிலோ மிகுதியாக இருந்தது.

இக்கண்டுபிடிப்பை அறிஞர் அவையில் அறிவித்தபோது, வினா எழுப்புவாரும் இல்லை. கொடிய நோய்க்கிருமிகள் பலவற்றை லைசோசைம் வெல்லாததும் உண்மையே. எனினும் அவர் தளரவில்லை. அவ்வாய்வில் பழகிய கண்களே, 1928ஆம் ஆண்டு பூஞ்சை படர்ந்த தட்டொன்றை எறிந்துவிடாமல் உற்றுநோக்கின. பெனிசிலின் வெளிப்பட்டது. அதனைத் தூய மருந்தாகப் பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை. முன்னர் லைசோசைமை ஆராய்ந்த ஃபுளோரியும் செயினும் தம் குழுவினரோடு அப்பணியை நிறைவேற்றினர். 1945ஆம் ஆண்டு மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஃபிளெமிங் 1955ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள் மறைந்தார்.

1965ஆம் ஆண்டு, நொதிகளுள் முதலாவதாக லைசோசைமின் முப்பரிமாண வடிவம் வெளியானது. இத்தகைய புரத வடிவங்களைச் சரிபார்க்க உலகம் இன்றும் கையாளும் வரைபடம், 1963ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன் குழுவினர் வகுத்ததாகும். எவரும் பொருட்படுத்தாத ஒரு துளிச் சளியை ஒருவர் ஊன்றி நோக்கியதால் விளைந்த பயன் இத்துணைப் பெரிது.