விருந்து படைத்த பெரியார்

தமிழகமும் கருநாடகமும் கூடும் எல்லையிலே அமைந்தது ஓசூர் நகரம். இன்று தொழிற்சாலைகள் மலிந்து விளங்கும் அந்நகரின் அருகே தொரப்பள்ளி என்னும் சிற்றூர் உள்ளது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் அப்பகுதி முன்னாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இந்நாளில் கிருட்டிணகிரி மாவட்டத்தில் அடங்கும். அச்சிற்றூரில் 1878ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் பிறந்தவரே சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரியார். மக்கள் அவரை இராஜாஜி என்று அழைத்தனர். அவர்தம் தந்தையார் அவ்வூர் முன்சீபாகப் பணியாற்றியவர்.

ஓசூரிலும் பெங்களூரிலும் கல்வி பயின்ற இராஜாஜி, சென்னையில் சட்டம் கற்றுச் சேலத்தில் வழக்கறிஞரானார். காந்தியடிகளின் வழிநின்று, 1930இல் வேதாரணியத்தில் உப்பு அறப்போரை நடத்தினார். 1937 முதல் 1939 வரை சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். 1948 முதல் 1950 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தார். 1952இல் மீண்டும் சென்னையின் முதலமைச்சரானார். பதவிகள் வந்தன, சென்றன. அவர் எழுதிய நூல்களோ இன்றும் இல்லந்தோறும் படிக்கப்படுகின்றன.

அவற்றுள் தலைசிறந்தவை இரண்டு. பாரதக் கதையைக் கூறுவது வியாசர் விருந்து. இராமகாதையைக் கூறுவது சக்கரவர்த்தித் திருமகன். இரண்டும் கல்கி வார இதழில் வெளிவந்தவை. இரண்டு கதைகளும் இராஜாஜி படைத்தவை அல்ல. பிறர் பொருளைக் கவர்தல் களவு என்கிறோம். அங்ஙனமாயின், பிறர் ஆக்கிய கதையை எடுத்துக் கூறுதல் முறையாகுமோ?

இவ்வினாவிற்குத் தமிழ் மரபு முன்னரே விடை கூறியுள்ளது. முதல் நூலின் கருத்தோடு ஒத்துச் சென்று, தான் வேண்டும் வேறுபாட்டையும் சேர்த்துக் கூறுவது வழிநூல் என்பது நன்னூலார் வகுத்த இலக்கணம். கம்பரும் தம் காவியத் தொடக்கத்திலேயே, வடமொழியில் இக்கதையைச் செய்தவருள் முந்தியவரைத் தாம் பின்பற்றுவதாக அறிவித்துள்ளார். எடுத்தாளுதல் குற்றமன்று, எடுத்த இடத்தை மறைத்தலே குற்றம்.

இராஜாஜி இந்நெறியிலே நின்றார். வியாசர் விருந்து என்னும் பெயரை நோக்குக. விருந்து வியாசருடையது; இராஜாஜி அதனைப் பரிமாறுபவர் மட்டுமே. உரிமை கேட்க வியாசரோ வால்மீகியோ வரப்போவதில்லை. எந்தச் சட்டமும் அவரைத் தடுத்திராது. எனினும் உரியவர்க்கு உரிய பெயரை நூலின் முகப்பிலேயே வழங்கினார். இராமகாதையைக் கூறுமிடத்தும் வால்மீகியையே பெரிதும் தழுவினார். கம்பர் வேறுபடும் இடங்களை வேறாகச் சுட்டினார். ஒருவர் கூற்றை மற்றொருவர் தலையில் ஏற்றினாரல்லர்.

அவர்க்கும் ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. சீதையைக் காட்டிற்கு அனுப்பும் உத்தர காண்டத்தை அவர் உள்ளம் ஏற்கவில்லை. அப்பகுதியைத் தம் விருப்பம் போல் மாற்றி எழுதி, அதுவே பழங்கதை என்று அவர் காட்டியிருக்கலாம். அவ்வாறு செய்தாரல்லர். முடிசூட்டு விழாவோடு கதையை நிறுத்தினார். உத்தர காண்டத்தைத் தாம் விட்டதையும் தம் மனம் அதற்கு இசையாமையையும் நூலின் இறுதியில் ஒளிவின்றி உரைத்தார்.

சக்கரவர்த்தித் திருமகனுக்கு 1958ஆம் ஆண்டில் சாகித்திய அகாதமிப் பரிசு கிடைத்தது. கதை பழையது, ஆயினும் எளிய நடையும் தெளிந்த சிந்தனையும் இராஜாஜியின் சொந்த உழைப்பு. அவ்வுழைப்பிற்கே அப்பெருமை.

1972ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் அப்பெரியார் மறைந்தார். தொரப்பள்ளியில் அவர் பிறந்த இல்லம் இன்று நினைவில்லமாக விளங்குகின்றது. பிறர் கதையை, பாட்டை, படத்தை எடுத்துப் புதியதொன்று செய்ய விரும்புவோர் அவர் வாழ்வில் கற்கத்தக்கன மூன்று: தந்தவர் பெயரைக் கூறுதல், மாற்றியதை மறையாமை, தம் உழைப்பையும் சேர்த்தல். இம்மூன்றும் உடையவர் பரிமாறும் விருந்தே உண்பார்க்கும் இனிக்கும். சமைத்தவர்க்கும் பெருமை தரும்.