இதயத்தை எழுத வைத்தவர்

நாம் தூங்கினாலும் நம் இதயம் தூங்குவதில்லை. அதைத் துடிக்க வைப்பது எது?

இதயத்தின் வலது மேல் அறையில் ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. அங்குள்ள உயிரணுக்களுக்குள் சோடியம், கால்சியம் ஆகியவற்றின் மின்னேற்றம் கொண்ட துகள்கள் சிறிது சிறிதாக நுழைகின்றன. ஓர் அளவை எட்டியதும் மின்சாரம் கிளம்பி இதயம் முழுவதும் பரவுகிறது. உடனே இதயம் துடிக்கிறது. ஆனால் அந்த மின்சாரம் தோலுக்கு வந்து சேரும்போது, ஒரு வோல்ட்டில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும்!

அதைத் துல்லியமாக அளந்து காட்டியவர் டாக்டர் வில்லெம் ஐந்தோவன்.

தந்தையை இழந்த சிறுவன்

ஐந்தோவன் 1860-ல் ஜாவாத் தீவில் உள்ள செமராங் நகரில் பிறந்தார். தந்தை ஒரு டாக்டர். ஐந்தோவன் சிறுவனாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். தாய் 1870-ல் ஆறு குழந்தைகளுடன் தாய்நாடான ஹாலந்துக்குக் கப்பலேறினார்.

தந்தையைப் போலவே மகனும் வைத்தியம் படித்தார். 25 வயதிலேயே லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார்!

அம்பில் பிறந்த இழை

இதய மின்சாரத்தை 1887-லேயே லண்டனில் வாலர் என்பவர் பதிவு செய்திருந்தார். ஆனால் அவருடைய பாதரசக் கருவி மந்தமானது. துடிப்பின் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை.

ஐந்தோவன் வேறு வழி கண்டார். உருகிய படிகக் கல்லை அம்பில் ஒட்டி எய்தார். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய இழை கிடைத்தது. அதற்கு வெள்ளி பூசி, பெரிய காந்தத்தின் நடுவே கட்டினார். இதய மின்சாரம் பாய்ந்ததும் இழை அசைந்தது. அதன் நிழல் போட்டோத் தகட்டில் கோடாக விழுந்தது. 1901-ல் இக்கருவியைப் பற்றி உலகுக்கு அறிவித்தார்.

கருவியின் எடை சுமார் 270 கிலோ. அதை இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளியின் இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் வைக்க வேண்டும். இதை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல முடியுமா? ஐந்தோவன் சளைக்கவில்லை. 1905-ல், ஒன்றரை கிலோமீட்டர் தூரத்திலிருந்த ஆஸ்பத்திரியைத் டெலிபோன் கம்பியால் தம் ஆய்வுக்கூடத்துடன் இணைத்தார். நோயாளி அங்கே, அவருடைய இதயக் கோடு இங்கே!

முடிச்சு அவிழ்ந்தது

1907-ல் இங்கிலாந்தில் கீத், பிளாக் என்ற இருவர் அந்தச் சிறு முடிச்சைக் கண்டுபிடித்ததாக அறிவித்தனர். துடிப்பு அங்கேதான் தொடங்குகிறது என்பதை, 1910-ல் தாமஸ் லூயிஸ் ஐந்தோவனின் கருவியைக் கொண்டே காட்டினார்.

1924-ல் ஐந்தோவனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1927-ல் அவர் காலமானார்.

இன்று ஈ.சி.ஜி. கருவியைக் கையில் எடுத்துச் செல்லலாம். ஆனால் அதன் கோட்டில் உள்ள மேடுபள்ளங்களுக்கு அவர் இட்ட பி, க்யூ, ஆர், எஸ், டி என்ற பெயர்கள் மாறவில்லை. நெஞ்சுவலி என்று போகிறவர்களுக்கு டாக்டர் முதலில் எடுத்துப் பார்ப்பதும் அந்தக் கோட்டைத்தான்.