மருந்து விலையோடு போராடிய டாக்டர் குவாஜா அப்துல் ஹமீத்

புக்கிட் பெருவாங்கில் நம்மவர் கடைகளில் கல்லாப் பெட்டியைத் திறந்தால், சில்லறைக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரை அட்டையும் கிடக்கக் காண்கிறோம். சர்க்கரைக்கு ஒன்று, இரத்தக் கொதிப்புக்கு ஒன்று. ஒரே மருந்து ஒரு கம்பெனிப் பெயரில் கூடுதல் விலைக்கும், வேறு பெயரில் குறைந்த விலைக்கும் கிடைப்பதை அன்பர்கள் அறிவார்கள். டாக்டரைக் கேட்டு, மலிவானதை வாங்கிக்கொள்கிறோம். அந்த மலிவு தானாக வந்ததன்று. அதற்குப் பாடுபட்டவர்களில் ஒருவர் மர்ஹூம் டாக்டர் குவாஜா அப்துல் ஹமீத் அவர்கள்.

1898 அக்டோபர் 31ஆம் நாள் அலிகாரில் பிறந்த அவர்கள், வாலிப வயதில் ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டார்கள். ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் தொடக்கப் பணிகளிலும் பங்கு கொண்டார்கள். பின்பு ரசாயனத் துறையில் சிறந்து விளங்கிய ஜெர்மனிக்குச் சென்று, பெர்லினில் டாக்டர் பட்டம் பெற்றார்கள். லித்துவேனியா நாட்டு யூதப் பெண்மணியான லூபா அம்மையாரை 1928இல் அங்கேயே மணந்தார்கள்.

தாயகம் திரும்பியதும் உத்தியோகம் தேடி அமர்ந்திருக்கலாம். அவர்களோ 1935இல் பம்பாயில் இரண்டு லட்ச ரூபாய் முதலில் சிப்லா என்ற மருந்துக் கம்பெனியைத் தொடங்கினார்கள். காந்தியடிகள் 1939இல் அதை நேரில் வந்து பார்த்தார். உலகப் போரில் அயல்நாட்டு மருந்துகளின் வரத்துக் குறைந்தபோது, அத்தொழிற்சாலை பெரிதும் கைகொடுத்தது. தேசம் பிரிந்தபோதும் அவர்கள் பம்பாயை விட்டுப் போகவில்லை.

ஆனால் தொழிற்சாலை கட்டியதைவிட, சட்டத்தோடு மல்லுக்கு நின்றதையே நாம் பெரிதாக மதிக்கிறோம். வெள்ளையர் காலத்து 1911ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் சுதந்திரத்துக்குப் பின்னும் நீடித்தது. ஒரு மருந்துக்கு உரிமை பெற்ற கம்பெனி, அதை வேறெவரும் செய்யாதபடி தடுத்துவிடலாம். வியாபாரிகளுக்கு இதை விளக்கவும் வேண்டுமா? ஒரு சரக்கு முழுவதும் ஒருவர் கையில் குத்தகையாக இருந்தால், அவர் சொன்னதுதானே விலை! ஏழை நாடான இந்தியாவில் சில மருந்துகளின் விலை உலகிலேயே மிக உயர்ந்ததென்று அமெரிக்க செனட் விசாரணையொன்றே கண்டுகூறியது.

நீதிபதி இராஜகோபால ஐயங்கார் 1959இல் சட்டத்தை மாற்றும்படி அறிக்கை தந்தார். ஹமீத் அவர்களும் மற்ற உள்நாட்டு மருந்து உற்பத்தியாளர்களும் இதற்காகவே தொடர்ந்து வாதாடினார்கள். பத்தாண்டுக்கு மேல் இழுபட்டு, 1970இல் புதிய சட்டம் நிறைவேறியது. அதன்படி மருந்துக்கே உரிமை கிடையாது, அதைச் செய்யும் முறைக்கு மட்டும்தான் உண்டு. அதுவும் ஏழு ஆண்டுக்கு மேல் நில்லாது. வேறு முறை கண்டவர் அதே மருந்தைச் செய்து விற்கலாம்.

அச்சட்டம் 1972 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. ஜூன் 23ஆம் நாள் அவர்கள் வஃபாத் ஆனார்கள். பலனைக் காண இரண்டே மாதந்தான் கிடைத்தது. 2005இல் இந்தியா மருந்துகளுக்கு மீண்டும் காப்புரிமை வழங்கத் தொடங்கியதை அவர்கள் காணாததும் நல்லதே என்று தோன்றுகிறது.

அவர்களுடைய மகனார் யூசுப் ஹமீத், 2001இல் எய்ட்ஸ் நோய்க்கான மூன்று மருந்துக் கூட்டை, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஓராண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தார். மேல்நாட்டில் அதன் விலை பத்தாயிரம் டாலருக்கும் மேல். 2003இல் நம் மலேசிய அரசாங்கமும், காப்புரிமையைத் தாண்டிச் செல்லும் தன் அதிகாரத்தைக் கொண்டு, அந்நோய்க்கான மருந்துகளை அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்காக அதே சிப்லாவிலிருந்து தருவித்தது.