மழையில் நனைந்த சொனாட்டா: படியளந்த பிரபுவிடம் பீத்தோவன் முடியாது என்றது ஏன்?

உங்களுக்குப் படியளக்கும் ஒருவர், தன் வீட்டு விருந்தாளிகள் முன்னால் உங்கள் திறமையைக் காட்டச் சொல்கிறார். உங்களுக்கோ மனசே இல்லை. என்ன செய்வீங்க?

1806-ல் பீத்தோவன் முடியாதுன்னு சொல்லிட்டு மழையில் கிளம்பிவிட்டார். அவர் பெட்டியில் இருந்தது, இன்று 'அப்பாஷனாட்டா' என்று அறியப்படும் பியானோ சொனாட்டாவின் கையெழுத்துப் பிரதி.

யாருடைய காசு?

1770-ல் ஜெர்மனியின் பான் நகரில் பிறந்தவர் பீத்தோவன். அப்பா அரசவைப் பாடகர், குடிப்பழக்கம் உள்ளவர். அம்மா இறந்தபின், பதின்வயதிலேயே தம்பிகளின் பொறுப்பும் இவர் தலையில் விழுந்தது. 1792-ல் வியன்னாவுக்குப் போய் ஹைடனிடம் பாடம் கற்றார்.

அந்த ஹைடனே பல பத்தாண்டுகள் ஒரு பிரபு குடும்பத்தின் சீருடை அணிந்து வேலை பார்த்தவர்தான். இசைக்கலைஞர்களின் நிலைமை அன்று அப்படி. பீத்தோவனுக்கும் 1800 முதல் இளவரசர் லிக்னோவ்ஸ்கி ஆண்டுக்கு 600 ஃப்ளோரின் தந்தார். காசை வாங்கிக்கொண்டாலும் வேலைக்காரனாக இருக்க பீத்தோவன் ஒத்துக்கலை.

காது கேட்காத நாட்களில்

முப்பது வயதுக்கு முன்பே காது மந்தமாகத் தொடங்கியது. 1802-ல் தம்பிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். சாவைப் பற்றி நினைத்ததையும், கலைக்காகவே உயிரோடு இருப்பதையும் அதில் சொன்னார். ஆனால் அதை அனுப்பவே இல்லை.

அடுத்த சில ஆண்டுகளில் உருவானதுதான் இந்த சொனாட்டா. மேடையில் ஒரே ஒருவர், ஒரே ஒரு பியானோ, சுமார் 25 நிமிடம். கிசுகிசுப்பாகத் தொடங்கும் இசை திடீரென இடியாக வெடிக்கும். நடுப்பகுதி அமைதியானது. ஆனால் அது முடிவதற்குள் கடைசிப் பகுதி குறுக்கே பாய்ந்துவிடும். சுபமான முடிவெல்லாம் கிடையாது. சோக ஸ்வரங்களிலேயே புயல் வேகத்தில் முடியும்.

அந்த மழை நாள்

1805-ல் நெப்போலியன் படை வியன்னாவைப் பிடித்திருந்தது. மறு ஆண்டு, சிலேசியாவில் உள்ள லிக்னோவ்ஸ்கியின் மாளிகையில் பிரெஞ்சு அதிகாரிகள் விருந்தாளிகள். அவர்களுக்கு வாசிக்க மறுத்துக் கிளம்பிய பீத்தோவனின் பெட்டிக்குள் மழைநீர் புகுந்தது. வியன்னாவில் மரி பிகோ என்ற பெண் பியானோ கலைஞர், அந்த ஈரத்தாள்களைப் பார்த்தே வாசித்தார். பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ள பிரதியில் நீர்க்கறை இன்றும் தெரிகிறது.

லிக்னோவ்ஸ்கியின் உதவித்தொகை அதன்பின் தொடரவில்லை. 1809-ல் மூன்று பிரபுக்கள் சேர்ந்து ஆண்டுக்கு 4000 ஃப்ளோரின் தர ஒப்புக்கொண்டார்கள். வியன்னாவை விட்டுப் போகக் கூடாது என்பதே நிபந்தனை. அதன் மதிப்பையும் பணவீக்கம் சீக்கிரமே கரைத்துவிட்டது. சுயமரியாதைக்குப் பரிசாகச் சொகுசு எதுவும் கிடைக்கலை.

1827-ல் பீத்தோவன் இறந்தார். 'அப்பாஷனாட்டா' என்ற பெயரே அதற்குப் பிறகு, 1838-ல் ஒரு பதிப்பாளர் வைத்ததுதான்.

இன்னைக்கு ராத்திரி ஹெட்போன் மாட்டிக் கேட்டுப் பாருங்க. ஆரம்பம் ரொம்ப மெதுவா இருக்கேன்னு சத்தத்தை மட்டும் கூட்டிடாதீங்க!