விண்மீன் ஒளியைப் படித்த வைணு பாப்பு

இரவு வானில் மின்னும் விண்மீன்கள் யாவும் ஒரே நிறமுடையன அல்ல. திருவாதிரையும் கேட்டையும் சிவந்து தோன்றும். சிவந்த விண்மீன்கள் வெப்பம் குறைந்தவை. அத்தகைய விண்மீன்களை அளக்க வழி கண்ட மேதை, நம் தமிழகத்திலே பிறந்தவர் என்பது நமக்கெல்லாம் பெருமையன்றோ!

மணலி கல்லாட் வைணு பாப்பு 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் ஐதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் பணியாற்றியதால், இளமையிலேயே தொலைநோக்கி அவருக்குத் தோழனாயிற்று. உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்றார். 1949-இல், மாணவராக இருந்தபோதே, ஒரு புதிய வால்மீனைக் கண்டறிந்தார். பாப்பு-பாக்-நியூகர்க் என்பது அதன் பெயர்.

பின்னர் கலிபோர்னியாவில் ஓலின் வில்சனுடன் சேர்ந்து ஆராய்ந்தார். வெப்பம் குறைந்த விண்மீன்களின் நிறமாலையில் கால்சியம் உண்டாக்கும் கருங்கோடு ஒன்று உண்டு. அதன் நடுவே மெல்லிய ஒளிக்கீற்று தெரியும். விண்மீனின் உண்மையான பிரகாசம் கூடக் கூட அக்கீற்றும் அகலமாகிறது என அவ்விருவரும் கண்டனர். உண்மைப் பிரகாசம் தெரிந்தால் தொலைவையும் கணக்கிடலாம். 1957-இல் வெளியான இவ்வுண்மைக்கு வில்சன்-பாப்பு விளைவு என்று பெயர்.

அக்கீற்று எவ்வளவு வலிமையாக ஒளிர்கிறது என்பது விண்மீனின் காந்தச் செயலைக் காட்டும். 1966 முதல் வில்சன் அதனைத் தொடர்ந்து அளந்து, சூரியனுக்கு உள்ள 11 ஆண்டுச் சுழற்சி போன்றது வேறு பல விண்மீன்களுக்கும் உண்டென நிறுவினார். சிறிய செந்நிற விண்மீன்களில் காந்தச் சீற்றம் எழும்போது ரேடியோ அலைகளும் வெளிப்படுவதை இன்று அறிவோம்.

அயல்நாட்டிலேயே பாப்பு புகழோடு வாழ்ந்திருக்கலாம். ஆயினும் 1953-இல் தாயகம் திரும்பினார். 1960-இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். இருண்ட வானத்தைத் தேடி, ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-இல் அங்கே 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்று பணியைத் தொடங்கியது. 1979-இல் உலக வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கியை நம் நாட்டிலேயே உருவாக்க வேண்டும் என்பது அவரது பெருங்கனவு. அது நிறைவேறுமுன், 1982 ஆகஸ்டு 19-இல், ஐம்பத்தைந்தே வயதில் மியூனிக் நகரில் காலமானார். ஆனால் அவர் பயிற்றுவித்தோர் பணியை நிறுத்தவில்லை. 1986-இல் அத்தொலைநோக்கி அவர் பெயரையே தாங்கி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

தோழியரே! தாம் காணாத விண்மீன்களையும் பிறர் காண வழிசெய்து சென்றார் பாப்பு. நம் புதுக்கோட்டைச் சீமையின் வானமும் அமாவாசை இரவில் நமக்காகக் காத்திருக்கிறது. அண்ணாந்து பார்ப்போமா?