நீதி தேடிய கதையாசிரியர்

கோவலன் கொலையுண்டதற்குக் காரணம் யாது என வினவின், ஊழ்வினை என்று விடையிறுப்பாருளர்; பாண்டியன் ஆராயாது உரைத்த சொல் என்பாருமுளர். மாணாக்கர்க்குச் சிலப்பதிகாரம் கற்பிக்குந்தோறும் என் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. அரண்மனைப் பொற்கொல்லன் தன் தொழிலில் வல்லவன். அணிகலனை அறிந்து சொல்லும் அறிவுடையவன் என அரசனால் மதிக்கப்பட்டவன். அவன் வாய்ச்சொல்லே சான்றாயிற்று. சிலம்பினுள் இருப்பது முத்தோ மாணிக்கமோ என உடைத்துப் பார்த்தது கோவலன் மாண்ட பின்னரேயாம். வல்லுநன் உரைத்துவிட்டான் என்ற அளவில் ஆராய்ச்சி நின்றுவிடின் நீதி எங்ஙனம் பிறழும் என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இப்பிழை பழைய மதுரைக்கு மாத்திரம் உரியதன்று. விஞ்ஞானம் தழைத்த இங்கிலாந்திலும் ஸ்கொத்லாந்திலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நிபுணர் கூற்றுக்களின் துணைகொண்டு குற்றமற்றோர் இருவர் சிறை புகுந்தனர். அவ்விருவர் பொருட்டும் வழக்கை மீள ஆராய்ந்து எழுதியவர் ஆதர் கொனன் டொயில் ஆவர். ஷேர்லொக் ஹோம்ஸ் என்னும் துப்பறியும் பாத்திரத்தைப் படைத்தவர் என்றே நம்மவர் அவரை அறிவர். அவர் வாழ்வின் மற்றைப் பகுதியும் அறியத்தக்கதே.

டொயில் 1859ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள் எடின்பரோ நகரிற் பிறந்தார். தந்தையார் மதுப்பழக்கத்தால் நலிந்தவர். குடும்பத்தைத் தாங்கியவர் தாயாரே. எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றபோது யோசேப்பு பெல் என்னும் பேராசிரியரிடம் பாடங்கேட்டார். நோயாளி வாய்திறக்கு முன்னரே அவர்தம் கைகளையும் நடையையும் உடையையும் நோக்கி, அவர் தொழிலையும் வரலாற்றையும் கூறவல்லவர் பெல். கண்ணாற் காண்பது வேறு, கருத்தால் நோக்குவது வேறு என்னும் பாடத்தை மாணவர் மறந்திலர். 1882இல் சவுத்சீ என்னுமிடத்தில் வைத்தியத் தொழில் தொடங்கி, நோயாளர் வாராத பொழுதுகளிற் கதைகள் வரைந்தார். 1887இல் ஹோம்ஸ் முதன்முதல் உலகினர்க்கு அறிமுகமானான். 1891இல் வியன்னா சென்று கண் மருத்துவங் கற்று, இலண்டனில் கண் வைத்தியராகவுஞ் சிலகாலம் அமர்ந்தார். அத்தொழில் அவருக்குப் பொருளீட்டித் தந்திலது. பிற்காலத்தில் வேறொருவர்க்கு அஃது உயிர்த்துணையாயிற்று.

அவ்வேறொருவர் ஜோர்ஜ் எடல்ஜி என்பவர். அவர் தந்தையார் பம்பாயிலிருந்து சென்ற பார்சி இனத்தவர். கிறித்தவராகி, ஸ்ராபோர்ட்ஷயர் மாவட்டத்தில் கிறேற் வேர்லி என்னும் சிற்றூரின் குருவானவராய் அமர்ந்தவர். தாயார் ஆங்கிலப் பெண்மணி. சட்டத்தரணியாகத் தேறிய ஜோர்ஜ், புகைவண்டிச் சட்டம் பற்றிப் பொதுமக்களுக்கென ஒரு நூலும் எழுதியிருந்தார். நிறத்தால் வேறுபட்ட அக்குடும்பத்தை ஊரார் சிலர் வெறுத்தனர். பெயரற்ற கடிதங்கள் பல்லாண்டுகளாக அவர்களைத் துன்புறுத்தின.

1903ஆம் ஆண்டு அவ்வூர்ப் புறத்தே குதிரைகளும் மாடுகளும் இரவில் வயிறு கீறப்பட்டுக் கிடந்தன. ஆகத்து மாதம் 18ஆம் நாட் காலையில் சுரங்கத்து மட்டக்குதிரை ஒன்று அவ்வாறு காணப்பட்டது. பொலிசார் எடல்ஜியைப் பிடித்தனர். வழக்கு நான்கு தூண்களின்மேல் நின்றது. அவருடைய மேற்சட்டையில் குதிரை மயிர்கள் ஒட்டியிருந்தன என்று பொலிஸ் வைத்தியர் கூறினார். சட்டைக் கைவிளிம்பில் சிறு இரத்தக் கறைகள் காணப்பட்டன. அவர் சப்பாத்தின் சுவடு வயலிற் கண்ட சுவட்டோடு ஒத்தது எனப்பட்டது. குற்றத்தைக் குறித்து வந்த பெயரற்ற கடிதங்களை எழுதியவர் அவரே என்று கையெழுத்து நிபுணர் தோமஸ் கரின் சாட்சி பகர்ந்தார். யூரிமார் குற்றவாளியெனக் கண்டனர்; தண்டனை ஏழாண்டுக் கடூழியச் சிறை. எடல்ஜி மறியலில் இருந்த வேளையிலும் அவ்வூரில் விலங்குகள் வெட்டுண்டன. அதனாலும் தீர்ப்பு அசையவில்லை.

அக்காலத்து இங்கிலாந்தில் குற்ற வழக்குகளுக்கு மேன்முறையீட்டு மன்று கிடையாது. உள்நாட்டு மந்திரியிடம் இரந்து நிற்றலே வழி. பதினாயிரம் பேர் கைச்சாத்திட்ட விண்ணப்பம் சென்றது, விடையில்லை. 1906இல், மூன்றாண்டு கழிந்தபின், காரணம் எதுவுங் கூறாமல் அவரை வெளியே விட்டனர். குற்றம் நீங்கவில்லை, தொழில் செய்யும் உரிமையும் மீளவில்லை. அவ்வாண்டிலேதான் டொயிலின் மனைவியார் நெடுநாள் நோயால் இறந்திருந்தார். துயரிற் கிடந்த அவரை எடல்ஜியின் வழக்கு எழுப்பி நிறுத்தியது எனலாம்.

1907ஆம் ஆண்டு சனவரியில் இலண்டன் விடுதியொன்றில் இருவரும் சந்திக்கக் குறித்தனர். டொயில் சற்றுப் பிந்தி வந்தார். எடல்ஜி செய்தித்தாளைக் கண்ணருகே, அதுவும் ஒரு பக்கஞ் சாய்த்துப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். கண் வைத்தியர்க்கு அக்காட்சி போதியதாயிற்று. இவர்க்குக் கடுங் குறும்பார்வையும் விழிக்கோட்டமும் உள என அப்பொழுதே துணிந்தார். பின்னர் வேறொரு கண் வைத்தியரைக் கொண்டும் அளந்தறிந்தார். அத்தகையோர்க்கு அரைச்சாணுக்கு அப்பாலுள்ள பொருள் தெளிவாகத் தோன்றாது. அவர் மழையிருளில், இருப்புப்பாதையையும் வேலிகளையுங் கடந்து, காவலர் கண்ணிற் படாமல், திறந்தவெளியில் நின்ற விலங்கைத் தேடி வெட்டினார் என்பது எங்ஙனம் பொருந்தும்? இவ்வினாவை வழக்கு மன்றில் எவரும் ஆழக் கேட்டிலர்.

டொயில் அவ்வூர்க்கும் நேரிற் சென்று நடந்து பார்த்தார். பின் ஒவ்வொரு சான்றாய் உரைத்துப் பார்த்தார். பொலிசார் சட்டையை எடுத்தபோது அதில் மயிர் இல்லை என்று வீட்டார் வற்புறுத்தியிருந்தனர். வைத்தியர் அதனைக் கண்டது அன்று மாலையிலேதான். அதற்குள் இறந்த குதிரையின் தோற்றுண்டும் பொலிசார் கைக்கு வந்துவிட்டது. இரண்டும் ஒருவர் பொறுப்பில் இருந்த நிலையில் மயிர் இடம் மாறியிருக்கக்கூடும் என்பது அவர் ஐயம். சிறு கறைகளோ உணவின்போது இறைச்சிச் சாறு தெறித்தும் உண்டாகலாம். குதிரையின் வயிற்றைக் கீறினவன் உடையில் இரண்டு துளிகள் மாத்திரம் நிற்குமா? சுவட்டுக்கு அச்சும் எடுக்கப்படவில்லை, படமும் பிடிக்கப்படவில்லை. பலர் மிதித்த நிலத்திற் சப்பாத்தை அழுத்திக் கண்ணளவாற் பார்த்ததே ஒப்பீடு. சப்பாத்தில் இருந்த சேறு வழிச்சேறு. வயலின் மண்ணோ வேறு நிறத்தது.

எஞ்சியது கையெழுத்து. இதே கரின் என்பார் 1896இல் அடோல்ப் பெக் என்பவர் வழக்கிலும் சான்று கூறியவர். பெண்களை ஏமாற்றியவன் வரைந்த கடிதங்கள் பெக் கைப்பட எழுதியவை என்று அவர் உரைத்தார். பெக் சிறை சென்றார். 1904இல் உண்மைக் குற்றவாளி அகப்பட்டபோது நிபுணர் மொழி பொய்த்தமை ஊரறிய வெளியாயிற்று. எனினும் அதே நாவின் சொல்லால் அடைபட்ட எடல்ஜியின் தண்டனையை மறுபடி ஆராய ஒருவரும் முன்வந்திலர். பிழைத்த அளவுகோல் எனத் தெரிந்தபின், அதனால் முன்னர் அளந்தவற்றை எல்லாம் மீள அளத்தல் வணிகர்க்கும் கடனன்றோ? நீதிமன்றத்துக்கு அக்கடன் இல்லாமற் போவதெங்ஙனம்?

இவற்றையெல்லாம் டொயில் டெயிலி ரெலிகிராப் பத்திரிகையில் வரைந்தார். பிறரும் எடுத்து அச்சிடுக எனப் பதிப்புரிமையையும் விலக்கினார். நாடெங்கும் பேச்சு எழவே, மூவர் கொண்ட குழுவை அரசு நியமித்தது. 1907 மே மாதத்தில் மன்னிப்பு வழங்கப்பட்டது; ஆனால் கடிதங்களை எழுதியவர் எடல்ஜியே எனக் குழு இன்னுங் கருதியமையால் நட்டஈடு மறுக்கப்பட்டது. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பளித்தல் நீதியா, இகழ்ச்சியா என்று டொயில் வெகுண்டார். ஆயினும் எடல்ஜி சட்டத்தரணியாக மீண்டுந் தொழில் செய்யும் உரிமை பெற்றார். அவ்வாண்டு செத்தெம்பரில் நடந்த டொயிலின் இரண்டாந் திருமண விருந்திலும் கலந்துகொண்டார். பெக், எடல்ஜி வழக்குகள் எழுப்பிய கிளர்ச்சியின் பயனாக, அவ்வாண்டிலேயே குற்ற மேன்முறையீட்டுச் சட்டம் நிறைவேறியது. இருவர் பட்ட துன்பம் பின்வந்த பலர்க்கு வாயிலாயிற்று.

அடுத்தவர் ஒஸ்கார் சிலேற்றர். ஜெர்மனியிலிருந்து வந்த யூதர். 1908 திசெம்பரில் கிளாஸ்கோ நகரில் மரியன் கில்கிறிஸ்ற் என்னும் முதிய மாது தம் வீட்டில் அடித்துக் கொல்லப்பட்டார். வைரப் பதக்கம் ஒன்று காணாமற் போயிற்று. அத்தகைய பதக்கத்தைச் சிலேற்றர் அடகு வைத்திருந்தார் என்பதே முதல் ஐயம். விசாரித்ததில் அஃது அவர் சொந்தப் பொருள் என்பதும், கொலைக்குப் பல நாள் முன்னரே அடகு சென்றது என்பதும் தெளிவாயின. சிலம்பின் பரல் வேறென்று தெரிந்த அக்கணமே வழக்கு முடிந்திருத்தல் வேண்டும். முடிந்திலது. அவர் பெட்டியிற் கண்ட சிறு சுத்தியல் கொலைக்கருவியாகக் காட்டப்பட்டது. அதனால் அக்காயங்கள் உண்டாகியிருக்கலாம் என மருத்துவ நிபுணர் கூறினர். மேலங்கியிற் கண்ட கறைகளை இரத்தமென உறுதியாக நிறுவ இயலவில்லை. உடலை முதலிற் கண்ட வைத்தியர், அருகிலிருந்த நாற்காலியாலேயே கொலை நிகழ்ந்தது எனக் கருதியவர். அவரை மன்றுக்கு அழைத்திலர்.

1909 மே மாதம் எடின்பரோவிற் பதினைந்து யூரிமாருள் ஒன்பதின்மர் குற்றவாளி என்றனர். மரணதண்டனை விதிக்கப்பட்டுத் தூக்குக்கு இரண்டு நாள் முன்னரே ஆயுட்சிறையாக மாற்றப்பட்டது. டொயில் 1912இல் இவ்வழக்கைக் குறித்துச் சிறு நூல் வெளியிட்டார். சிலேற்றரின் வாழ்க்கை ஒழுக்கம் அவர்க்கு உவப்பானதன்று. ஒழுக்கங் குறைந்தவன் கொலைஞனாகான் என்னும் நியாயத்தை அவர் விட்டிலர். திறெஞ்ச் என்னும் துப்பறியும் அதிகாரி உண்மையை வெளியிடத் துணிந்து 1914இல் வேலை இழந்தார், 1919இல் இறந்தார். 1925இல் விடுதலையாகிய கைதியொருவன் தன் வாயில் ஒளித்துக் கொணர்ந்த சிறு காகிதத்தில், தம்மை மறவாதிருக்கும்படி சிலேற்றர் டொயிலுக்குச் சொல்லியனுப்பினார். முதியவர் மீண்டும் எழுந்தார். 1927 நவம்பரில், பதினெட்டரை ஆண்டு கழிந்தபின், சிறைக்கதவு திறந்தது. 1928இல் தீர்ப்பு நீக்கப்பட்டது. 6,000 பவுண் ஈடு வழங்கப்பட்டது. வழக்குச் செலவு பற்றி இருவரும் பின்னர்ப் பிணங்கினர் என்பதையும் வரலாறு மறைக்கவில்லை.

டொயிலைக் குறையற்றவராகக் காட்டுதல் நம் நோக்கமன்று. எடல்ஜி வழக்கின் உண்மைக் குற்றவாளி இவனே என்று வேறோர் ஆடவனை அவர் சுட்டினார். சான்று போதாதென அரசு மறுத்தது. பிறர் சான்றில் ஓட்டை கண்டவர் தம் சான்றின் ஓட்டையைக் கண்டிலர். முதலாம் மகாயுத்தத்தின் இறுதியையொட்டி மகனையும் தம்பியையும் இழந்த அவர் ஆவியுலக நம்பிக்கையில் ஆழ்ந்திருந்தார். கொற்றிங்லி என்னும் ஊர்ச் சிறுமியர் இருவர் எடுத்த தேவதைப் படங்களை மெய்யென நம்பி 1922இல் நூலும் எழுதினார். அவை காகித உருவங்களே என அப்பெண்கள் முதுமையில், 1983இல், ஒப்புக்கொண்டனர். நம்ப விரும்புவதை நாம் ஆராய்வதில்லை. பொலிசார்க்கும் யூரிமார்க்கும் நேர்ந்ததும் இதுவே.

1930 யூலை 7ஆம் நாள் டொயில் மறைந்தார். அவர் எதிர்த்த நோய் அவரோடு மறைந்திலது. 1992இல் அமெரிக்காவிற் தோன்றிய இன்னசன்ஸ் புரொஜெக்ற் என்னும் அமைப்பு மரபணுச் சோதனையால் குற்றமற்றோர் பலரை மீட்டது. 2015இல் அந்நாட்டு எப்.பி.ஐ. நிறுவனம், தன் நிபுணர்கள் மயிரை உருப்பெருக்கியால் ஒப்புநோக்கிக் கூறிய சாட்சியங்களை மீள ஆராய்ந்து, அதுவரை பார்த்த வழக்குக் குறிப்புக்களுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறையாதவற்றிற் பிழை கண்டதாக ஒப்புக்கொண்டது. எடல்ஜியின் சட்டையில் ஒட்டிய மயிர் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் மனிதரைச் சிறைப்படுத்திக்கொண்டிருந்தது என்பதே இதன் பொருள்.

ஆதலின் மாணவர்கள் டொயிலிடங் கற்கவேண்டுவது ஹோம்ஸின் வியத்தகு ஊகங்களை மாத்திரமன்று. நிபுணர் சொல்லை மதித்தல் நன்று; அச்சொல் எதனால் விளைந்தது, எவ்வாறு சோதிக்கப்பட்டது என வினவுதல் அதனினும் நன்று. பாண்டியன் பிழையுணர்ந்து அரியணையில் உயிர்நீத்தான் என்று நாம் போற்றுகின்றோம். அவன் முன்னரே ஒரு பரலை எடுத்துப் பார்த்திருப்பின் கோவலனும் வாழ்ந்திருப்பான், மதுரையும் எரிந்திராது.