நாம் தோற்கடித்த தலைவர்



எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அதனால் மலருக்கு எழுதச் சொன்னதும் காமராஜர்தான் நினைவுக்கு வந்தார்.

1903 ஜூலை 15-ல் விருதுநகரில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட, ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமாவின் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த பையன், 1930-ல் உப்புப் போராட்டத்தில் சிறை சென்றார். மொத்தம் ஏறக்குறைய ஒன்பது வருஷம் சிறைவாசம்!

1954-ல் முதலமைச்சரானதும் குலக்கல்வித் திட்டத்தைக் கைவிட்டார். பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்ற அந்தத் திட்டம் நீடித்திருந்தால், கொத்தனார் மகனான நான் இன்று லேத் முன்னால் நின்றிருப்பேனா? 1956-ல் மதிய உணவுத் திட்டம் வந்தது. நாம் அப்ரண்டிஸ் இடம் தேடி அலையும் கிண்டி தொழிற்பேட்டையும் அவர் ஆட்சியில் வந்ததே.

1963 அக்டோபர் 2-ல் கட்சிப் பணிக்காகப் பதவியைத் துறந்தார். அகில இந்தியக் காங்கிரஸ் தலைவராகி, சாஸ்திரியும் இந்திரா காந்தியும் பிரதமராவதில் முக்கியப் பங்கு வகித்தார்.

பிறகு வந்தது 1967! 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூடும் அரிசித் தட்டுப்பாடும் மக்களைக் கொதிக்க வைத்திருந்தன. சொந்த ஊரான விருதுநகரிலேயே, மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார்.

எங்க ஊரும் அந்தத் தொகுதிதான். தாத்தாவிடம் கேட்டேன். மதியச் சோற்றுக்காகவே ரெண்டு வருஷம் பள்ளிக்கூடம் போனவர் அவர். கையெழுத்துப் போடக் கற்றதும் அங்கேதான். 1967-ல் அவருக்கு முதல் ஓட்டு. அதைக் காமராஜருக்குப் போடவில்லையாம்! அரிசிக்கு வரிசையில் நின்ற கோபமாம். சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. பிறகு யோசித்தேன். அந்தச் சோறு ஓட்டுக்குக் கூலியாகப் போடப்பட்டதல்ல. பிள்ளைகள் படிக்கணும் என்று போடப்பட்டது. படித்த பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். அவரும் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார்.

1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயித்தார். ஆனால் அதே வருஷம் காங்கிரஸ் உடைந்தது. பழைய செல்வாக்கு திரும்பவில்லை. பதவி துறந்த அதே அக்டோபர் 2-ல், 1975-ஆம் ஆண்டு, சென்னையில் வாடகை வீட்டில் காலமானார்.

நண்பர்களே, எனக்கும் பதினெட்டு வயசாகிவிட்டது. வரும் தேர்தலில் முதல் ஓட்டு. நன்றியையும் மறக்காமல், கேள்வியையும் விடாமல் போடணும். அதுதான் அவர் நமக்குத் தந்த படிப்பு!

- இரண்டாமாண்டு, இயந்திரவியல்